சைபரில் நின்ற முள்

ஞானமுத்து அவர்கள் காலமான சேதி பாய்லர் அறையில் எனக்கு வந்தது. மூன்றாம் வருஷத்து மாணவர்கள் பன்னிரண்டு பேர் நிலக்கரியை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். தீ போடும் காதர் பாஷா வாசற்படியில் வந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

“சார், நம்ம சார் போய்ட்டாரு. காத்தால ஆறு மணிக்காம். ஆஸ்பத்திரி ஆளு வந்து சொல்லிட்டுப் போறான்.”

“சரி” என்றேன். காதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாய்லரின் நெற்றியில் இருந்த கேஜைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு மாணவர்களிடம் தராசைக் கவனிக்கச் சொல்லிவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தேன். அங்கே எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இனி அந்த மனிதரின் கண்ணைப் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதி. அது வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கல்லூரிப் பத்திரிகையைக் கவனிக்கும் நண்பர் வந்தார். “அவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க சார். நீங்கதானே அவரோட ஜாஸ்தி நாள் பழகினவங்க” என்றார். உண்மைதான். பத்தொன்பது வருஷம். நாலு என்ன, நாற்பது நல்ல வார்த்தை எழுதலாம். அவரிடம் அதற்குப் பஞ்சமில்லை. நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் எழுத வேண்டியிருக்கிறது. அது அவரைப் பற்றியது அல்ல. அச்சுக்கோப்பவர் அதை நீக்கிவிடாமல் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூரில் உள்ள எங்கள் இஞ்சினீயரிங் கல்லூரியில் வெப்பத்துக்கும் நீரோட்டத்துக்குமான ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் ஞானமுத்து. புத்தகத்தில் படித்ததை மாணவர்கள் கையால் செய்து பார்க்கும் இடம் அது. ஒரு பக்கம் பாய்லரும் சின்ன நீராவி இயந்திரமும். இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, பம்பு, தண்ணீர் வழியும் அளவைக் கணக்கிட முக்கோணமாக வெட்டிய தகடு. எவ்வளவு கரி எரிந்தது, எவ்வளவு தண்ணீர் ஆவியானது, ஆவிக்கு என்ன அழுத்தம், என்ன சூடு என்று பார்த்து எழுதி, கரியின் வெப்பமெல்லாம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பாடத்தில் தேறாமல் பட்டம் கிடையாது.

அவருடைய ஊர் ஆம்பூர். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். அம்மா தோலில் மயிர் சுரண்டியவர். அந்தக் குழியிலிருந்து ஏறி மிஷன் பள்ளிக்கூடம் போய், சென்னைப் பட்டணம் போய், முதல் வகுப்பில் தேறி, கழுத்துப் பட்டன் போட்ட கோட்டோடு எங்கள் கல்லூரிக்கு வந்தார். அவர் வருவதற்கு மூன்று மாதம் முன்னால்தான் நான் அதே வேலையில் சேர்ந்திருந்தேன். நான் ஆற்காட்டு முதலியார். என் மாமா தாசில்தார். நான் இரண்டாம் வகுப்பில் தேறியவன். இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

அவர் வந்த முதல் நாளே தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் ஒரு தனி டம்ளர் வைக்கப்பட்டது. பித்தளை டம்ளர்களுக்கு நடுவில் ஒரு தகர டம்ளர். யாரும் சொல்லாமலே அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதைக் கடையிலிருந்து வாங்கி வரச் சொன்னவன் நான்தான்.

அவர் அந்த டம்ளரைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். “நல்ல தகரம்” என்றார். அதைக் கொண்டுபோய்த் தொட்டிக்கு மேலே ஒரு ஆணியில் மாட்டினார். அடுத்த வகுப்பில் இருபது மாணவர்களையும் வரிசையாக நிற்க வைத்தார்.

“இது எனக்குன்னு வாங்குன டம்ளர். இதுல எவ்ளோ தண்ணி கொள்ளும்? கண்ணால பாத்துச் சொல்லக் கூடாது. ஒவ்வொருத்தனும் அவன் கையால மொண்டு, ஊத்தி, நிறுத்து எழுதணும். பத்து தடவ.”

ஐயர், முதலி, நாயுடு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த டம்ளரைத் தொட்டுப் பத்துத் தடவை மொண்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பாடத்தின் முதல் பரிசோதனை அதுதான். இன்றைக்கும் அதுதான். டம்ளர் இன்னும் ஆணியில் தொங்குகிறது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் காலையில் “முதலியாரே, சௌக்கியமா?” என்று சிரித்தபடி கேட்பார். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன்.

அவர் இரக்கமில்லாத வாத்தியார். இறந்துபோனவரைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள். அவர் இருந்தால் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார். மாணவர்கள் ரீடிங்கைச் ‘சமைப்பது’ என்று ஒன்று உண்டு. விடை இன்னதுதான் வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி ரீடிங்கைப் பின்னாலிருந்து எழுதிவிடுவது. அண்ணன் எழுதிய நோட்டைத் தம்பி பார்த்து எழுதுவதும் இதில் சேர்த்தி. ஞானமுத்து சமைத்த ரீடிங்கை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார். ஒரு தடவை, பிரின்ஸிபால் துரையோடு டென்னிஸ் ஆடும் பெரிய மனிதர் ஒருவரின் மகன் வருஷம் முழுவதும் எழுதிய நோட்டைக் கொண்டுவந்தான். இவர் நாலு பக்கம் புரட்டினார். பாய்லர் கதவைத் திறக்கச் சொல்லி நோட்டை உள்ளே வீசினார்.

“இதுல இருக்கிற எழுத்துக்குத்தான் மதிப்பு இல்ல. காகிதத்துக்காவது கொஞ்சம் சூடு இருக்கும். எடய எழுதிக்க, கரியோட சேத்துக்கலாம்” என்றார்.

அந்தப் பிள்ளை அழுதான். இவர் கடிகாரத்தைப் பார்த்து, “அழுது முடிக்க எவ்ளோ நேரம்? இன்னிக்கே மறுபடி ஆரம்பிக்கலாம்” என்றார்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. தீ மூட்டுவதற்கு முன்னால், பாய்லர் குளிர்ந்திருக்கும்போதே கேஜின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இது ஒன்று. அவனவன் ரீடிங்கை அவனவன்தான் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவன் பார்த்ததை நீ எழுதக் கூடாது, நீ பார்த்ததை அவனுக்காகவும் எழுதக் கூடாது. இது இரண்டாவது. கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்த மாணவன் ஒருவனைக்கூட இடது கையால் எழுத வைத்தார்.

கேஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான கருவி அது. பார்ப்பதற்குச் சுவர்க்கடிகாரம் போல ஒரே ஒரு முள்ளோடு இருக்கும். எங்கள் கேஜில் ஒரு கோளாறு. பாய்லரில் ஆவியே இல்லாதபோதும் முள் சைபருக்கு வராமல் பத்துப் பவுண்டில் நிற்கும். அதனால் எப்போது பார்த்தாலும் பத்தைக் கழிக்க வேண்டும். முள்ளைப் பிடுங்கிச் சைபரில் வைத்துக் குத்தினால் தீர்ந்தது. கால் மணி நேர வேலை. ஞானமுத்து அதைச் செய்ய விடவில்லை.

“சரியான கேஜை எவன் வேணா படிப்பான் முதலியாரே. இவனுங்க நாளைக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர்னு ஷெட்டு ஷெட்டா போவானுங்க. அங்க எல்லா கேஜும் பொய்தான் சொல்லும். எவ்ளோ பொய் சொல்லுதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்ல?”

கேஜுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, ‘பத்து கழி’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்தார். எட்டு வருஷம் எல்லாரும் பத்துக் கழித்தோம். கழித்துக் கழித்து, முள்ளைப் பார்த்தவுடனே பத்துக் குறைவாகத்தான் எங்கள் கண்ணுக்கே தெரியும்.

எட்டாவது வருஷம் லெக்சரர் பதவி ஒன்று காலியானது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அது. ஞானமுத்துவுக்குத்தான் கிடைக்கும் என்று பியூன் முதல் துரை வரை எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்புக் குழியிலிருந்து வந்தவருக்குக் கீழே நான் கைகட்டி நிற்பதை என் வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அத்தனை எரிச்சல்.

அந்த வருஷத்து மாணவர்களில் எத்திராஜுலு என்று ஒருவன் இருந்தான். பள்ளிகொண்டா. அப்பா கட்டை வண்டி ஓட்டுகிறவர். தாலுகா போர்டார் கொடுத்த உதவித்தொகையில் படித்தான். ஒரு தடவை தவறினாலும் அது நின்றுவிடும். தேறினால் மராமத்து இலாகாவில் வேலை தருவதாக ஒரு அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். பரீட்சைக்கு முந்தின வாரம் அவன் அப்பா வண்டியோடு கல்லூரி வாசலுக்கே வந்து, “எம் புள்ள இன்னா சார், தேறிடுவானா?” என்று ஞானமுத்துவைக் கேட்டார். “பொய் எழுதாம இருந்தா தேறிடுவான்” என்றார் இவர். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை செய்முறைப் பரீட்சை. பட்டணத்திலிருந்து பரீட்சகர் வருகிறார். சனிக்கிழமை மத்தியானம் ஞானமுத்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்து ஆம்பூருக்குப் போனார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். “திங்கக்கிழம காத்தால மொத வண்டிக்கு வந்துர்றேன். பாத்துக்கங்க முதலியாரே” என்றார்.

நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அன்றே கேஜின் கண்ணாடியைக் கழற்றினேன். முள்ளைப் பிடுங்கிச் சைபரில் வைத்துக் குத்தினேன். சிலேட்டை அழிக்கவில்லை. ‘பத்து கழி’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். கேஜ் இப்போது உண்மை சொல்லும். இவர் பழக்கத்தில் பத்துக் கழிப்பார். மாலையில் பரீட்சகரைத் தனியாகக் கூப்பிட்டு, “எட்டு வருஷமாகச் சரியான கேஜில் பத்துக் கழிக்கிற டெமான்ஸ்ட்ரேட்டர் இவர்தான்” என்று காட்டிவிடலாம். இதுதான் என் யோசனை. மாணவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

திங்கட்கிழமை விடியற்காலையில் தீ போட வந்த காதர் பாஷா என்னிடம் ஓடி வந்தார். “சார், முள்ளு இன்னா சைபர்ல நிக்குது? நம்ம சாருக்குத் தெரியுமா?”

“எல்லாம் தெரியும். உன் வேலையப் பாரு. பேஜார் பண்ணாத” என்றேன். காதருக்கு ஐந்து குழந்தைகள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

முதல் வண்டி தாமதம். ஞானமுத்து காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்து வருவதற்குள் பாய்லரில் ஆவி ஏறிவிட்டது. முள் தொண்ணூறில் நின்றது. குளிர்ந்த முள்ளைப் பார்க்க வேண்டும் என்ற தன் முதல் சட்டத்தை அவர் மீறிய ஒரே நாள் அதுதான். சட்டை கசங்கியிருந்தது, செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. நேராகப் பரீட்சகர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சிலேட்டைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். “எண்பது பவுண்டு. ஆரம்பிங்க” என்றார். பரீட்சகரும் சிலேட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பதினாறு மாணவர்கள். ஒருவனைத் தவிர எல்லாரும் தொண்ணூறில் பத்துக் கழித்து எண்பது என்று எழுதினார்கள். ஆனால் ஆவிக் குழாயில் ஒரு வெப்பமானி உண்டு. எண்பது பவுண்டு ஆவிக்கு முந்நூற்று இருபத்துநாலு டிகிரி பாரன்ஹீட் சூடு இருக்க வேண்டும் என்பது புத்தக அட்டவணை. வெப்பமானியோ முந்நூற்று முப்பத்தொன்று காட்டியது. அது தொண்ணூறு பவுண்டு ஆவியின் சூடு. பதினைந்து பேர் வெப்பமானிதான் கோளாறு என்று நினைத்தார்கள். வம்பு எதற்கு என்று பார்த்ததை விட்டுவிட்டு, அட்டவணையில் இருந்த முந்நூற்று இருபத்துநாலையே எழுதிவிட்டார்கள். சமைத்தார்கள்.

எத்திராஜுலு மட்டும் வெப்பமானியை மூன்று தடவை பார்த்தான். கேஜைப் பார்த்தான். சிலேட்டைப் பார்த்தான். பிறகு பத்தைக் கழிக்காமல் தொண்ணூறு என்று எழுதினான். சூடு முந்நூற்று முப்பத்தொன்று என்று எழுதினான். அந்த அறையில் அன்றைக்கு உண்மை எழுதியவன் அவன் ஒருவன்தான்.

ஞானமுத்து அவன் தாளைக் கையில் எடுத்தார். “பத்து எங்க?”

“கழிக்கல சார். வெப்பமானியோட ஒத்துப் போவுது சார். தொண்ணூறுதான் சரி.”

“ஒத்துப் போவுதா? அட்டவணையப் பாத்து ஒத்துப் போற மாரி எழுதுனியா?”

“இல்ல சார். நான் பாத்தத எழுதுனேன்.”

“பதினஞ்சு பேரு கண்ணுக்குத் தெரியாதது உன் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுதா? எம் முன்னாடியே சமைக்கிறியா நீ?”

பதினைந்து பொய்யும் அவர் நினைத்திருந்த எண்ணோடு ஒத்துப்போயின. ஒத்துப்போகிற பொய்யை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. அவரும் அன்றைக்குப் பார்க்கவில்லை. எத்திராஜுலு என் பக்கம் திரும்பினான். நான் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். ஞானமுத்து சிவப்புப் பென்சிலால் அவன் தாளில் குறுக்கே கோடு போட்டார். பரீட்சகர், “இந்தக் கண்டிப்புதான் வேண்டும்” என்று இங்கிலீஷில் பாராட்டினார்.

மத்தியானம்தான் தெரிந்தது. அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை இறந்திருந்தார். மாலையில் அடக்கம் முடித்துவிட்டு, பரீட்சை நிற்கக் கூடாது என்று காலை வண்டியில் வந்திருந்தார். செருப்பில் இருந்த செம்மண் அம்மாவின் கல்லறைக் குழி மண். மாலையில் பரீட்சகரிடம் சொல்ல நினைத்ததை நான் சொல்லவில்லை. இரக்கத்தால் அல்ல. பரீட்சகரும் கூடவே பத்துக் கழித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். சொன்னால் அவருக்கும் அவமானம், முள்ளைத் திருப்பியது யார் என்ற கேள்வியும் வரும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அப்போது குறுகுறுக்கவில்லை, பயமாகத்தான் இருந்தது. மதிப்பெண்கள் அரக்கு முத்திரையோடு அன்றே மெயில் வண்டியில் போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை காலை பாய்லர் குளிர்ந்திருந்தது. ஞானமுத்து வழக்கம்போல் உள்ளே வந்தார். கேஜின் முன்னால் நின்றார். முள் சைபரில் நின்றது. அவர் விரலால் கண்ணாடியைத் தட்டினார். மறுபடி தட்டினார். முள் அசையவில்லை. கண்ணாடியின் விளிம்பை வெகுநேரம் பார்த்தார். சிலேட்டை எடுத்து உள்ளங்கையால் அழித்தார். பிறகு திரும்பி, “எத்திராஜ் எங்க?” என்றார்.

“நேத்தே பள்ளிகொண்டா போய்ட்டான்” என்றேன்.

“சரிங்க சார்” என்றார். அதுவரைக்கும் நான் அவருக்கு முதலியார். அன்றிலிருந்து பதினொரு வருஷம், ஆஸ்பத்திரிப் படுக்கை வரைக்கும், சார்.

அவர் நேரே துரையிடம் போய் எழுதிக் கொடுத்தார். கேஜ் சரியாக இருந்தது, நான்தான் பார்க்கவில்லை, தேற வேண்டிய மாணவனைத் தவறவிட்டேன், சமைத்த பதினைந்து பேரைத் தேறவிட்டேன் என்று. முள்ளை யார் மாற்றியது என்று துரை கேட்டாராம். “பாக்க வேண்டியவன் நான்” என்று மட்டும் சொன்னாராம். பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் பதினாறு பேருக்கும் மறுபரீட்சை வைக்க வேண்டும், கல்லூரியின் மானம் போகும் என்று துரை அந்தக் காகிதத்தை மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். கேஜ் பார்க்கத் தெரியாதவர் என்று அவரே எழுதிக் கொடுத்த பிறகு லெக்சரர் பதவி யாருக்கு? எனக்கு. என் வலை ஒழுங்காக விழுந்தது. அதை அவரே தன் கையால் இழுத்து மூடிக்கொண்டார்.

எத்திராஜுலுவின் உதவித்தொகை நின்றது. இலாகா வேலை வேறு ஒருவனுக்குப் போனது. அந்தப் பதினைந்து பேரில் ஒருவனுக்கே போனது. நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டு முதலாளிக்குக் கடிதம் எழுதி, அவனைப் பாய்லர் ஆளாகச் சேர்த்துவிட்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவன் என் வீட்டுக்கு வந்து, “நீங்க மட்டும்தான் சார் என்ன நம்புனீங்க” என்று என் காலைத் தொட்டான். நான் தொடவிட்டேன்.

மூன்றாவது வருஷம் அந்த ஷெட்டில் நீராவிக் குழாயின் மூட்டு பிய்த்துக்கொண்டது. எத்திராஜுலுவுக்கு வலது கன்னம், காது, கழுத்து, தோள், கை எல்லாம் வெந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். ஞானமுத்து தினமும் கல்லூரி முடிந்ததும் போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். வெந்த பக்கம் அழுந்தினாலும் திரும்பிக்கொள்வான். நர்ஸ், “வராதீங்க ஐயா, அவருக்கு வலிக்குது” என்று சொன்ன பிறகு வெளியே வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பினார். அம்மா இறந்த நாளில் வருஷா வருஷம் ஆம்பூருக்குப் போவார். கல்லறையைப் பார்த்துவிட்டு ஷெட்டு வாசலில் போய் நிற்பார். ஒரே ஒரு தடவை எத்திராஜுலு வெளியே வந்தானாம்.

“எதுக்கு சார் வர்றீங்க? நான் பாத்தத எழுதுனேன். நீங்க அடிச்சிட்டீங்க. அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டானாம்.

இதை ஞானமுத்துவே ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “சரியாத்தான் சொன்னான் சார்” என்றார். நான் அவருக்கு மேலதிகாரி. அவருடைய லீவு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போடுபவன்.

போன மாதம் வயிற்றில் கட்டி என்று படுத்தார். ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். கண் மட்டும் பழைய கண்.

“வாங்க முதலியாரே” என்றார்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. மன்னித்துவிட்டார் என்று நினைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

“அந்தக் கண்ணாடி மூடியில புதுசா ஒரு கீறல் இருந்துச்சு. ஸ்க்ரூவுக்கு எடது பக்கமா வழுக்குன கீறல். நம்ம லேப்ல எடது கைக்காரரு நீங்க ஒருத்தர்தான்.”

“அன்னிக்கே தெரியுமா? ஏன் சொல்லல?”

“முள்ளப் பாக்காதது என் தப்பு. அத நான் எழுதிட்டேன். உங்கள்து உங்களோடது. அவனவன் ரீடிங்க அவனவன்தான் எழுதணும்.”

“எத்திராஜ் உங்களத்தானே திட்டிட்டிருக்கான்? அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, எந் தப்பக் கம்மி பண்ணிக்கச் சொன்ன மாரி ஆயிடும்.” மூச்சு வாங்கினார். “எழுதுவீங்களா முதலியாரே?”

“எழுதறேன்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சமைத்த நோட்டைப் பார்க்கிற பார்வை. “நீங்க எழுத மாட்டீங்க” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அடக்கம் ஆம்பூரில், அவருடைய அம்மாவின் பக்கத்தில். காற்றில் தோல் வாடை அடித்தது. பாதிரியார் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்கள். காதர் பாஷா போட்டார். நானும் போட்டேன், என் கையிலிருந்தும் விழுந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் எத்திராஜுலு நின்றிருந்தான். வலது கன்னம் சுருங்கி, காது இருந்த இடத்தில் ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. நான் அவனிடம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

“மண்ணு போடலியா எத்திராஜு?”

“போட வரல சார். அவரு உள்ள போறதப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அன்னிக்கு அந்தக் கேஜு...” என்று ஆரம்பித்தேன்.

“அத விடுங்க சார். உங்கள மாரி ஒரு நல்ல மனுசன் இருந்ததால கஞ்சி குடிக்கிறேன்” என்று சொல்லி, வெந்த கையால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “பஸ்ஸுக்கு நேரமாவுது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஞானமுத்து சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

பஸ்ஸில் வாலாஜா பக்கத்து வியாபாரி ஒருவர் என் முகத்தைப் பார்த்து, “நெருங்கின சொந்தமா ஐயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பொய்க்கும் ஞானமுத்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்.

ஆகவே, ஞானமுத்து அவர்களே, ரொம்பத் தாமதமாக என் ரீடிங்கை என் கையால் எழுதியிருக்கிறேன். இடது கையால். நீங்கள் எழுத மாட்டேன் என்று சொன்னீர்கள்; உங்கள் ரீடிங் இரண்டாவது தடவை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் இருக்கும்போது எழுதவில்லை, அவன் கையைப் பிடித்தபோது சொல்லவில்லை. போய் வாருங்கள். தகர டம்ளரை நான் இருக்கும்வரை யாரும் அந்த ஆணியிலிருந்து இறக்க மாட்டார்கள்.

எத்திராஜுலு, இந்தப் பத்திரிகை உன் ஷெட்டுக்கு ஒரு பிரதி வரும். நானே தபாலில் போடுகிறேன். நீ எழுதியது சரி. தொண்ணூறுதான் சரி. உன்னைத் தவறவிட்டவர் அதை மறுநாளே ஒப்புக்கொண்டு, செத்துப்போகும்வரை உன் வாசலில் நின்றார். உன்னை எரித்தவன் கையை நீ பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாய். கல்லறைத் தோட்டம் உன் ஷெட்டிலிருந்து அரை மைல்தான். நீ போடாத அந்த ஒரு பிடி மண்ணை அவருக்குப் போய்ப் போட்டுவிடு. மண் காய்வதற்குள் போ. நாளைக்கு என் முறை வரும்போது எனக்குப் போடாதே.